நாளிதழ் அகப்பக்கத்தில் வலைப்பூ: செத்த யோசனையா?

கூலிம் வாசகர் (2024 ஜூன் 2)

நம் மலேசியத் தமிழ் நாளிதழ்கள் எல்லாம் அகப்பக்கம் வைத்திருக்கின்றன. நிருபர்கள் அங்கே வலைப்பூ (பிளாக்) எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? முகநூல் இருக்கிறது, புலனம் (வாட்ஸ்அப்) இருக்கிறது. பெரிய வெளிநாட்டுப் பத்திரிகைகளே தொடங்கி மூடிவிட்டன என்று கேள்வி. இது செத்த யோசனை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

சுங்கை சிப்புட் பத்திரிகைக்கடை (ஜூன் 2, இரவு)

மறுக்கிறேன் தம்பி. நான் பத்திரிகை விற்கிறவன், எனக்கு முன்னால் அப்பா விற்றார். விடியற்காலையில் கோலாலம்பூரிலிருந்து வரும் கட்டைப் பிரித்து, சைக்கிளில் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்ப் போட்டவர். பிரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் ரப்பர் பால் வெட்டப் போவதற்குள் தோட்டக் கணக்கர் கிராணி வீட்டிலும் தமிழ்ப்பள்ளி வாத்தியார் வீட்டிலும் பத்திரிகை இருக்க வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவர் வாங்கினால் சாயங்காலம் அவர் வாசிக்க பத்துப் பேர் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போக மாட்டார்கள், பேசுவார்கள், மறுப்பார்கள், அடுத்த வாரம் யாராவது ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதம் அச்சில் வந்தால் அந்தப் பத்திரிகையை எங்கள் கடையில் தேடிப்பிடித்துக் கூடுதலாக இன்னொரு பிரதி வாங்குவார்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அகப்பக்கத்தைத் திறந்தால் அமைச்சர் அறிக்கை, அதற்கு எதிர்க்கட்சி அறிக்கை, சென்னை சினிமாச் செய்தி, கோயில் திருவிழாப் படம். எழுதியவர் பெயர் பல இடங்களில் இருப்பதே இல்லை. நான் ஒரு தோட்டத்து வீட்டுப் பிரச்சினையைப் படித்துவிட்டுக் கூடுதல் விவரம் தெரிந்து எழுத நினைத்தால் யாருக்கு எழுதுவது? முகவரியும் இல்லை, ஆளும் இல்லை. பத்திரிகையின் பெயர் சொல்ல மாட்டேன், ஏறக்குறைய எல்லா இடத்திலும் நிலை இதுதான்.

வலைப்பூ என்று நான் சொல்வது இதற்கு நேர் எதிரான ஒன்று. ஒரு நிருபர், அவர் பெயர், அவருக்கென ஒரு துறை அல்லது ஒரு வட்டாரம். இன்று ஒன்று எழுதுகிறார், நாளை அதே விஷயத்தில் புதிதாகத் தெரிந்ததைச் சேர்க்கிறார், வாசகர் சொன்னது சரியென்றால் அதை மேலே போட்டுக் காட்டுகிறார். லண்டன் கார்டியனில் ஆண்ட்ரூ ஸ்பேரோ என்பவர் நாடாளுமன்ற நடப்பை நாள் முழுக்க நேரலையாக எழுதுகிறார். பல வருடங்களாக அதே வேலை. வாசகர் கேள்விக்குப் பதில் சொல்கிறார், தாம் எழுதியதை வாசகர் திருத்தினால் அங்கேயே ஒப்புக்கொண்டு எழுதுகிறார். இது செத்த யோசனை என்றால் அவ்வளவு பேர் தினமும் அதை ஏன் படிக்கிறார்கள்?

ஜூன் 3, காலை

ஒன்று சேர்க்க வேண்டும். வலைப்பூ பத்திரிகைக்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றிய ஆடம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1998ல் அமெரிக்காவில் போனி புயல் வந்தபோது சார்லட் அப்சர்வர் நாளிதழ் தன் தளத்தில் கடற்கரை நிலவரத்தை நேரம் போட்டு, புதியது மேலே பழையது கீழே என்று அடுக்கிக்கொண்டே போனது. நாளிதழ் வலைப்பூவுக்கு அதைத்தான் முதல் உதாரணமாகச் சொல்வார்கள். அச்சில் மறுநாள் வரை காத்திருக்க முடியாத சேதிக்கு வேறு வடிவம் தேவைப்பட்டது. அவ்வளவுதான் அதன் பிறப்பு.

ஜூன் 3, மதியம்

கூலிம் தம்பி திரும்ப வந்து "நியூ யார்க் டைம்ஸ் மூடிவிட்டதே" என்கிறார். மூடியது உண்மைதான். 2014 வாக்கில் தன் வலைப்பூக்களில் பலவற்றை நிறுத்தி வழக்கமான செய்திப் பக்கங்களோடு சேர்த்தது, 'தி லீட்' என்ற செய்தி வலைப்பூவும் அதில் போனது. ஆனால் சேர்த்த பிறகு செய்திப் பக்கங்களின் தோற்றம் என்ன ஆனது என்று பாருங்கள். நேரம் போட்ட குறிப்புகள், நிருபர் பெயரும் படமும், "இதைப் பிறகு புதுப்பிப்போம்" என்ற வரி. தேர்தல் இரவு, நிலநடுக்கம், பெரிய வழக்குத் தீர்ப்பு எல்லாம் இப்போது அப்படித்தான் வருகிறது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வடிவத்தை வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு, அது பத்திரிகைகளுக்குக் கசப்பானது. தேர்தல் கணிப்பாளர் நேட் சில்வர் தன் 'ஃபைவ்தர்ட்டிஎய்ட்' வலைப்பூவை 2010ல் டைம்ஸ் தளத்துக்குள் கொண்டுவந்தார். 2012 அதிபர் தேர்தலில் ஐம்பது மாநிலத்தையும் சரியாகக் கணித்தார். 2013ல் அவர் விளையாட்டு ஊடகமான இ.எஸ்.பி.என்.னுக்குப் போனார், வலைப்பூவும் அவரோடு போனது. வாசகன் ஆளைப் பிடித்துக்கொள்கிறான். நிர்வாகங்களுக்கு இது பயம். நிருபர் பெயர் பெரிதானால் நாளை வேறு பத்திரிகைக்குத் தாவிவிடுவார் என்று பெயரே போடாமல் வைத்திருக்கிறார்கள். பெயர் இல்லாமல் எழுதுகிறவர் எதற்காக உயிரைக் கொடுத்து எழுத வேண்டும், சொல்லுங்கள்.

ஜூன் 5

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தது வேறு விஷயம். 2021 டிசம்பர் வெள்ளம்.

என் தங்கை குடும்பம் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறது. தண்ணீர் வீட்டுக்குள் வந்து மேல்மாடிக்கு ஏறிவிட்டார்கள். இங்கே சுங்கை சிப்புட்டில் நான் கடையைப் பூட்டிவிட்டுக் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் தெருவுக்குப் படகு போகிறது, எங்கே ஆட்களை ஏற்றுகிறார்கள், எந்தப் பள்ளியில் தங்கவைக்கிறார்கள் என்று தமிழ் அகப்பக்கங்களில் தேடினேன். கிடைத்ததெல்லாம் யார் யார் வருத்தம் தெரிவித்தார்கள், யார் எப்போது பார்வையிடப் போகிறார்கள் என்பதுதான். படகு எங்கே என்று சொன்னது முகம் தெரியாத பையன்கள் நடத்திய புலனக் குழுக்கள். அதிலும் பாதி பழைய சேதி, யார் சொன்னது என்று தெரியாத சேதி. ஒரே முகவரி பத்து முறை சுற்றி வருகிறது, அந்த வீட்டு ஆட்களை ஏற்கெனவே ஏற்றிவிட்டார்களா இல்லையா என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. தங்கையைக் கடைசியில் பக்கத்துத் தெரு மலாய்க்காரர்கள் தங்கள் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள்.

2005ல் கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது டைம்ஸ்-பிகாயூன் நாளிதழின் அச்சகமும் முடங்கிப்போனது. மூன்று நாள் அச்சுப் பதிப்பே இல்லை, இணையத்தில் மட்டும் வந்தது. நிருபர்கள் தளத்தின் வலைப்பூவில் தெருப் பெயரோடு எழுதினார்கள், சிக்கியவர்களின் உறவினர் அனுப்பிய முகவரிகளைப் போட்டார்கள், மீட்புக்காரர்கள் அதைப் பார்த்துப் போனார்கள். மறு ஆண்டு அந்தப் பத்திரிகைக்கு இரண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு கிடக்கட்டும். நான் பேசுவது அந்த முகவரிகளைப் பற்றி. வந்த சேதியைச் சரிபார்த்து, நேரம் போட்டு, ஒரே இடத்தில் அடுக்க ஒரு பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். பத்திரிகையாளருக்கு அந்தப் பயிற்சி உண்டு, புலனக் குழுவுக்குக் கிடையாது. அதனால்தான் "முகநூல் போதாதா" என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 6

ரவாங் அக்கா எழுதியிருப்பது: "வலைப்பூ வைத்தால் கருத்துப் பெட்டி வைக்கணும், வைத்தால் சாதி, மதம், கெட்ட வார்த்தை எல்லாம் வரும், பெண்கள் எழுதினால் இன்னும் மோசம்."

அக்கா சொல்வதில் ஒரு எழுத்தைக்கூடத் தள்ள முடியாது. கார்டியன் 2006ல் 'கமெண்ட் இஸ் ஃப்ரீ' என்று பெரிய கருத்து மேடை திறந்தது. பத்து வருடம் கழித்துத் தன் தளத்தில் சேர்ந்திருந்த 7 கோடி வாசகர் கருத்துகளை அதுவே ஆராய்ந்தது. மிக அதிகமாக வசைபாடப்பட்ட பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்கள், மீதி இருவர் கறுப்பின ஆண்கள். வாஷிங்டன் போஸ்ட் 2006 ஜனவரியில் தன் வலைப்பூ ஒன்றில் வசை தாங்காமல் கருத்துப் பகுதியையே மூடியது. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் 2005ல் தலையங்கத்தையே வாசகர்கள் மாற்றி எழுதலாம் என்று திறந்துவிட்டு, ஆபாசப் படங்கள் வந்து விழ, சில நாளிலேயே நிறுத்தியது. தவறு வாசகர் பக்கம் மட்டும் இருந்ததாகவும் சொல்ல முடியாது. அதே பத்திரிகையின் பத்தி எழுத்தாளர் மைக்கேல் ஹில்ட்ஸிக் வேறு பெயர்களில் கருத்துப் போட்டுத் தன்னைத் தானே ஆதரித்தது தெரியவந்து, 2006ல் அவருடைய வலைப்பூவை நிறுத்திவைத்தார்கள்.

நம் நாட்டில் இதற்கு மேல் சட்டம் வேறு. மலேசியாகினி செய்தித்தளத்தின் வழக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வாசகர்கள் போட்ட ஐந்து கருத்துக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டது. எழுதியவர்களுக்கு இல்லை, தளத்துக்கு. வாசகர்களே பணம் போட்டு ஒரே நாளில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள், அதை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. ஆனால் ஒரு சின்னத் தமிழ் நாளிதழுக்கு அப்படி ஒரு தொகை வந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ஜூன் 6, இரவு தாமதமாக

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கருத்துப் பெட்டி இல்லாமல் வலைப்பூ நடக்காதா? நடக்கும். பழைய வாசகர் கடித முறையை அப்படியே கொண்டுவரலாம். வாசகர் மின்னஞ்சலிலோ குரல் பதிவிலோ அனுப்பட்டும். நிருபர் படித்து, தேர்ந்து, பெயரைச் சரிபார்த்து, தன் அடுத்த குறிப்புக்குள்ளேயே அதை வைத்துப் பதில் எழுதட்டும். தானாக ஏறுகிற ஒரு வரிகூட இருக்காது, சட்டப் பயமும் குறையும், அக்கா சொல்கிற அசிங்கமும் குறையும். ஜூன் 2ல் நான் கார்டியனைக் காட்டிப் பேசியபோது அந்த முழுத் திறப்பும் வேண்டும் என்பது போலத்தான் நினைத்திருந்தேன். இப்போது நமக்கு அது வேண்டாம் என்று தோன்றுகிறது.

குரல் பதிவு என்று ஏன் சொன்னேன் என்றால், தோட்டத்து அம்மாக்கள் பலர் தமிழ் நன்றாக வாசிப்பார்கள், கைப்பேசியில் எழுத மாட்டார்கள். பேசச் சொன்னால் ஒரு பக்கத்துக்குப் பேசுவார்கள்.

ஜூன் 9

கிள்ளான் அண்ணன் கேட்டது: "வாசகரை வைத்து எழுதுவது நம் பத்திரிகைகளுக்குப் பழக்கமே இல்லையே?"

அண்ணே, அவர்கள்தான் அதில் கைதேர்ந்தவர்கள். தமிழ் நேசன் 1950ல் 'கதை வகுப்பு' நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் வாசகர்களுக்குச் சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், பத்திரிகையிலேயே. பாடம் வரும், வாசகர் எழுதி அனுப்புவார், குறைநிறை சொல்லி அடுத்து வரும். மலாயாத் தமிழ் எழுத்தாளர் பலர் வந்த வழி அது. தமிழ் முரசை 1935ல் தொடங்கிய கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று பத்திரிகை வழியாகக் கேட்டபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்காகத் தோட்டத்துச் சனங்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், பால் வெட்டுகிறவர்கள் சம்பள நாளில் எடுத்துவைத்துக் கொடுத்தார்களாம்.

பத்திரிகை பேசும், வாசகர் பதில் பேசுவார், பத்திரிகை அதற்கும் பதில் சொல்லும். வலைப்பூவின் உள்ளடக்கம் இதைத் தவிர வேறு என்ன? வெளிநாட்டுக்காரனிடம் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே நமக்கு இல்லை. நம் தாத்தாக்கள் செய்ததை மறுபடி செய்தால் போதும். தமிழ் நேசன் 2019 ஜனவரி இறுதியில் நின்றது. தொண்ணூறு வருடத்துக்கு மேல் வந்த பத்திரிகை. கட்டு வராத அந்தக் காலையில் என் கடைக்கு வந்த பெரியவர்கள் என்ன வாங்குவது என்று தெரியாமல் நின்றார்கள். அதை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஜூன் 10

சுருக்கமாக ஒன்று. பணம் எங்கே என்று நேற்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் வட்டாரத்துச் செய்தி அனுப்புகிறவர் காப்புறுதியும் விற்கிறார், சனிக்கிழமை கல்யாணங்களுக்குப் படமும் எடுக்கிறார். அவர் ஒரு நாளில் கோயில் கூட்டம், பள்ளி விளையாட்டுப் போட்டி என்று ஓடி அனுப்பும் துண்டுச் செய்திகளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு அதே பணத்தை ஒரு வாராந்தர ஊர்க்குறிப்புக்குக் கொடுக்கலாம். படம் எடுத்து நாலு வரி எழுதும் செய்தியை இப்போது பள்ளி ஆசிரியர்களே முகநூலில் போட்டுவிடுகிறார்கள். பத்திரிகை அதற்கு வேண்டாம்.

ஜூன் 12

பழைய விஷயம் தேடினால் கிடைக்கிறதா என்று கூலிம் தம்பி கேட்டது நல்ல கேள்வி, அவர் தெரியாமலேயே என் கட்சிக்கு வந்துவிட்டார்.

சில வருடத்துக்கு முன் ஒரு தமிழ் நாளிதழின் தளத்தில் ஒரு நிருபர் தோட்ட வீடுகளைப் பற்றி வலைப்பூ மாதிரி தொடர்ந்து எழுதினார். செம்பனைக்காக (எண்ணெய்ப்பனை) நிலம் கைமாறும்போது பழைய லயத்து ஆட்கள் என்ன ஆகிறார்கள், 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் 446 என்ன சொல்கிறது, தோட்ட நிர்வாகம் தண்ணீர், மின்சாரம், வீடு எந்த அளவில் கொடுத்தாக வேண்டும் என்று எளிய தமிழில் பிரித்துப் பிரித்து எழுதினார். நான் அதை எடுத்துப் பலருக்கு அனுப்பியிருக்கிறேன். பிறகு தளத்தைப் புதுசாக்கினார்கள், அத்தனையும் போய்விட்டது. பழைய சுட்டியைத் திறந்தால் முகப்புப் பக்கத்துக்குப் போகிறது. நிர்வாகத்திடம் கேட்டேன், பழையதை எடுத்துவரவில்லை என்றார்கள். அவர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார்.

முழுப் பத்திரிகையையும் படமாக ஏற்றுகிறார்களே அது போதாதா என்றால், அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒருகாலத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு, அதைத் தரவிறக்கினால்தான் தளம் தெரியும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு வந்து அந்தத் தொல்லை தீர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. தமிழைக் கணினியிலும் கைப்பேசியிலும் எளிதாக எழுத வைத்தவர்களில் முக்கியமானவரே நம் நாட்டு முத்து நெடுமாறன். முரசு அஞ்சல் அவருடையது, செல்லினம் அவருடையது. கருவி இங்கேயே பிறந்தது. அதை வைத்துக்கொண்டு பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றுவது எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 13

"பத்திரிகைக்காரர்களுக்கு வலைப்பூ என்றாலே பகை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2007 ஜனவரியில் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் நிறுவனம் ஜெஃப் ஊய், அஹிருடின் அத்தான் என்ற இரண்டு வலைப்பதிவர்கள் மீது அவதூறு வழக்குப் போட்டது. மறு வருடப் பொதுத்தேர்தலில் ஜெஃப் ஊய் ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினரானார். அச்சுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், 2012 வரை அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இணையத்துக்கு அந்த உரிமம் இல்லை. அந்தச் சுதந்திரத்தை நாளிதழ்கள் பயன்படுத்தாமல் தனி ஆட்களுக்கு விட்டுக்கொடுத்தன, பிறகு அந்தத் தனி ஆட்களும் முகநூலுக்குப் போய்விட்டார்கள். இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

ஜூன் 16

இன்று தேதியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 1948 ஜூன் 16ல்தான் எங்கள் ஊர்ப் பக்கம் எல்பில் தோட்டத்தில் ஒரு துரையையும் (வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரி), இன்னொரு தோட்டத்தில் இருவரையும் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதன் பின்னால் மலாயா முழுக்க அவசரகாலம், 1960 வரை. வருடா வருடம் ஜூன் மாதம் யாராவது இதை எழுதுகிறார்கள். மூன்று துரைமாரின் பெயர் இருக்கும், கம்யூனிஸ்டுகள் இருப்பார்கள், பிரிட்டிஷ் அரசு இருக்கும். அன்று காலை அதே தோட்டங்களில் வேலைக்கு நின்ற நம் ஆட்கள் எந்தக் கட்டுரையிலும் இருக்க மாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் இருக்கிறார்கள், என் கடைக்கே வருகிறார்கள். ஒரு நிருபர் பெயர் போட்டு, "உங்கள் வீட்டில் இதைப் பற்றி என்ன சொல்வார்கள், அனுப்புங்கள்" என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் பழைய படம் கொண்டுவருவார். ஒரே கட்டுரையில் இதை முடிக்க முடியாது, குறிப்புக் குறிப்பாக மாதக்கணக்கில் போக வேண்டிய விஷயம். சொல்லக்கூடிய வயதில் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஜூன் 19

மேலே உள்ளதைப் படித்துவிட்டு எங்கள் வட்டார நிருபர் கடைக்கு வந்தார். பசியாறிக்கொண்டே பேசினோம். அவருக்கு ஆசை இருக்கிறது, ஆசிரியர் சம்மதிக்க வேண்டும் என்கிறார். ஆசிரியருக்கு எழுதுவதை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கேட்கப்போவது இவ்வளவுதான்: வாரம் ஒரு குறிப்பு, அவர் பெயரும் படமும், வாசகர் அனுப்ப ஓர் எண், பழைய குறிப்புகள் எந்தக் காரணத்துக்காகவும் அழியாத நிலையான சுட்டி. கருத்துப் பெட்டி வேண்டாம். முதல் குறிப்பு எல்பில் தோட்டத்தைப் பற்றி. இரண்டாவது, மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளிக்குத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்து போகும் வசதி பற்றி.

ரவாங் அக்கா, கடிதத்தை ஒருமுறை பார்த்துக் கொடுங்கள், உங்கள் தமிழ் என்னுடையதைவிடச் சுத்தம். கூலிம் தம்பி, உங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் இப்படிக் கேட்கக்கூடிய நிருபர் யாராவது இருந்தால் அவரிடமும் பேசிப் பாருங்கள், இரண்டு ஊரிலிருந்து கடிதம் போனால் ஆசிரியர் கொஞ்சம் கூடுதலாக யோசிப்பார்.